கிளார்க் என்ற சொல்லும் இருநூற்றுப் பதினேழாம் வில்லையும்

11-10-1974, வெள்ளி. வந்த விண்ணப்பங்கள்: 412.
14-10-1974, திங்கள். பீப்பாயில் இட்ட வில்லைகள்: 412.
அதே நாள். குலுக்கி எடுத்தவை: 36.
2-12-1974, திங்கள். கொடுத்த சாவிகள்: 36.
24-5-1975, சனி. பீப்பாயில் மிச்சம்: 375.
இரண்டாம் எண்ணிக்கை: 375.
மூன்றாம் எண்ணிக்கை: 375.

முதல் நான்கு வரிகள் நீல மையில் இருக்கின்றன. கடைசி மூன்றும் பென்சிலில் இருக்கின்றன. முப்பத்தொரு வருடம் வீட்டு ஒதுக்கீட்டு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர், பதிவேட்டில் பென்சில் பிடித்தது அந்த ஒரு நாள்தான்.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் புள்ளி. எந்த எண்ணை எழுதினாலும் பின்னால் ஒரு புள்ளி வைப்பார். யாரும் பக்கத்தில் ஒரு பூஜ்யம் சேர்த்துவிடக் கூடாதே என்ற கவலை. "மேலதிகாரிதான் இங்க பெரிய புள்ளி. நம்ம சார் சின்னப் புள்ளி. ஆனா பெரிய புள்ளி லீவு போட்டா ஆபீஸ் நடக்கும், சின்னப் புள்ளி லீவு போட்டா நடக்காது" என்பார் டைப்பிஸ்ட் அம்மா, மேலதிகாரி காதில் விழாத தூரம் பார்த்து.

விண்ணப்பம் வாங்குவது, சரிபார்ப்பது, எண் கொடுப்பது, எல்லாம் புள்ளியின் வேலை. வீடுகள் எப்போதும் குறைவு, கேட்பவர்கள் எப்போதும் அதிகம். அதனால் குலுக்கல். கோட்டுப் பித்தான் அளவில் வட்டமான மர வில்லைகள், ஒவ்வொன்றிலும் சூட்டுக்கோலால் சுட்ட எண். தாங்கியில் படுக்கவைத்த மரப் பீப்பாய் ஒன்று உண்டு. பக்கத்தில் கைப்பிடி. வில்லைகள் உரசித் தேயாமல் இருக்க உள்ளே பச்சைக் கம்பளித் துணி அடித்திருந்தது. புள்ளி வில்லைகளை எண்ணி உள்ளே போடுவார், மேலதிகாரி கைப்பிடியைச் சுற்றுவார், பார்க்க வந்தவர்களில் ஒருவர் கையை விட்டு எடுப்பார். எடுத்த எண்களைப் புள்ளி இரண்டு தரம் எழுதி, மூன்றாம் தரம் வாய்விட்டுப் படிப்பார். மிச்சம் பீப்பாயிலேயே கிடக்கும். அடுத்த குலுக்கல் வந்தால் கொட்டிக் கழுவிப் புது விண்ணப்பங்களுக்குக் கொடுப்பது வழக்கம்.

இந்த வழக்கத்தில் ஒரு ஓட்டை இருந்தது. முப்பத்தொரு வருடம் அது யார் கண்ணிலும் படவில்லை.

மார்ச் மாதம் 3ஆம் தேதி தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஜூலை முதல் தேதியிலிருந்து கிளார்க் என்ற பதவிப் பெயர் கிடையாது, இனி எல்லாரும் உதவியாளர்கள். சம்பளம் அதேதான், நாற்காலியும் அதேதான். மற்றவர்கள் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். புள்ளிக்கு மட்டும் பல்லில் நார் சிக்கியதுபோல் இருந்தது. போகிற சொல் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அதை அனுப்பிவைப்பதா? வந்த தேதி தெரியாத காகிதத்தை அவர் கோப்பில் போட்டதே இல்லை. ஒரு பெரிய ஆங்கில அகராதியின் முதல் பக்கத்திலிருந்து முகவரி எடுத்து, பதிப்பாளர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார்.

"முப்பத்தொரு வருஷம் வேலை பாத்துட்டு, நான் பாக்கறது என்ன வேலைன்னு இப்பத்தான் கேட்டு எழுதறீங்களா?" என்றாள் மனைவி, உறையை ஒட்டிக்கொடுத்தபடி.

"வேலை தெரியும். பேருதான் தெரியல."

"நல்லவேளை, கல்யாணத்துக்கு முன்னாடி என் பேரைப் பத்தி இப்படி யாருக்கும் எழுதிக் கேக்கலை."

பதில் மே 22ஆம் தேதி வந்தது. இரண்டு பக்கம், பொறுமையான ஆள் எழுதியது. கிளார்க் என்ற சொல்லின் அடியில் கிளேரோஸ் என்றொரு பழைய கிரேக்கச் சொல் இருக்கிறதாம். முதலில் அதற்குச் சில்லு என்று பொருள். ஓட்டுத் துண்டோ மரச் செதிலோ, அடையாளம் கீறிக் குலுக்கலில் போடும் சில்லு. உடைப்பது என்ற வினையிலிருந்து அது பிறந்திருக்கலாம் என்று அறிஞர்கள் நினைக்கிறார்கள். போர்வீரர்கள் தலைக்கவசத்துக்குள் சில்லுகளைப் போட்டுக் குலுக்குவார்களாம், துள்ளி வெளியே விழுவது யாருடையதோ அவருக்கு முறை. பிறகு, குலுக்கலில் கிடைத்த பங்குக்கும் அதே சொல். பங்கு என்றால் நிலம், பரம்பரைச் சொத்து. பிறகு, கடவுளையே தங்கள் பங்காகக் கொண்டவர்கள் என்று தேவாலயத்து ஊழியர்களுக்கு அந்தப் பெயர் போனது. ஒரு காலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அவர்களே என்பதால், எழுதுகிறவர் யாராயிருந்தாலும் கிளார்க் ஆனார். கடைசியில் கணக்கும் கோப்பும் வைத்திருப்பவர். "தங்கள் வேலை எதுவென்று தாங்கள் குறிப்பிடவில்லை. ஆயினும் இது தங்களுக்குப் பயன்படும் என நம்புகிறோம்" என்று கடிதம் முடிந்திருந்தது.

டைப்பிஸ்ட் அம்மாவிடம் காட்டினார். அவர் படித்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல், "அப்ப சார், நீங்க ஒரு ஓட்டாஞ்சில்லு" என்றார்.

"நானில்லம்மா. என் வேலையோட பேரு."

"ரெண்டும் ஒண்ணுதானே சார் உங்களுக்கு?"

சனிக்கிழமை அலுவலகம் ஒரு மணிக்கு முடிந்துவிடும். 24ஆம் தேதி புள்ளி வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, சன்னலோரக் கட்டிலில் படுத்தார். திரைச்சீலை மூச்சுவிடுவதுபோல் உப்பி உப்பி அடங்கியது. கண் சொருகியது. கனவில் ஒரு வெள்ளை வெளி. மணலோ, பனியோ, பஞ்சோ, காலுக்குக் கீழே மெத்தென்று இருந்தது. ஆட்கள் வட்டமாக நிற்கிறார்கள். யாருக்கும் முகம் தெளிவாக இல்லை, கைகள் மட்டும் தெரிகின்றன. நடுவில் ஒருவர் தலைக்கவசத்தை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்குகிறார். சில்லுகள் ஒவ்வொன்றாகத் துள்ளி விழுகின்றன. விழுந்த சத்தமே இல்லை. ஒவ்வொருவரும் குனிந்து தன்னுடையதை எடுத்துக்கொண்டு, அவசரமில்லாமல், வெளியின் ஓரத்துக்கு நடந்து கரைகிறார்கள். கடைசியில் ஒருத்தி மட்டும் நிற்கிறாள். தலைக்கவசத்தைக் கவிழ்த்துக் காட்டுகிறார் குலுக்கியவர். காலி. அவள் எதுவும் கேட்கவில்லை. கையை நீட்டியபடி நிற்கிறாள். அந்தக் கையில் ஒரு நூலிழை ஒட்டியிருக்கிறது, காற்றில் ஆடுகிறது.

விழித்தபோது மணி மூன்று நாற்பது. மிச்சத்தை நான் எண்ணினேனா என்று யாரோ கேட்டதுபோல் இருந்தது. கேட்டவர் அவர்தான்.

எண்ணவில்லை. இந்தத் தடவை மட்டுமல்ல, எந்தத் தடவையும் எண்ணவில்லை. உள்ளே போனவற்றை எண்ணியிருக்கிறார், ஜெயித்தவற்றை மும்முறை படித்திருக்கிறார். தோற்றவற்றை எண்ண வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். "கனவு கண்டு ஆபீஸ் போற ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்ற மனைவியின் குரல் படிக்கட்டு வரை கூட வந்தது.

காவலாளி கதவைத் திறந்துவிட்டார். பூட்டிய அறையில் வெயில் ஒரு பட்டையாகத் தரையில் கிடந்தது, அதில் தூசி மிதந்தது. புள்ளி பீப்பாயைக் கவிழ்த்து வில்லைகளை நீள மேசையில் கொட்டிப் பத்துப் பத்தாக அடுக்கினார். நானூற்றுப் பன்னிரண்டில் முப்பத்தாறு போனால் முந்நூற்று எழுபத்தாறு. மேசையில் இருந்தது முந்நூற்று எழுபத்தைந்து. மறுபடி எண்ணினார். மறுபடியும். பிறகு ஜெயித்த எண்களைப் பதிவேட்டில் பார்த்துக் கழித்துவிட்டு, எண் வரிசையில் அடுக்கத் தொடங்கினார். இருநூற்றுப் பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவே ஒரு வில்லை அகலத்துக்கு இடம் காலியாக இருந்தது.

பீப்பாய்க்குள் தோள்வரை கையை விட்டுத் தடவினார். கம்பளித் துணியின் ஓரத்தில் இரண்டு ஆணிகள் விட்டுப்போயிருந்தன. துணிக்கும் மரத்துக்கும் இடையே விரல் நுழைந்தது. அங்கே, பைக்குள் உறங்குவதுபோல், 217.

ஏழு மாதத்துக்கு முன்னால் மேலதிகாரி கைப்பிடியைச் சுற்றச் சுற்ற எல்லா வில்லைகளும் உருண்டிருக்கின்றன. இது மட்டும் துணிக்கடியில் ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றியிருக்கிறது. எடுக்க நீண்ட எந்தக் கைக்கும் இது எட்டியிருக்காது.

மேசைக்குத் திரும்பி, அதை உள்ளங்கையில் வைத்துக் காலி இடத்துக்கு நேரே பிடித்தார். கையைக் கவிழ்த்தால் போதும். வில்லை மேசையில் விழும், அந்தக் காலி இடம் நிறையும், முந்நூற்று எழுபத்தாறு. கணக்கு நேராகிவிடும். அவர் வாழ்நாளில் கணக்கை நேராக்குவது இவ்வளவு சுலபமாக இருந்ததில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. பென்சிலை எடுத்து 375 என்று எழுதினார், மூன்று முறை.

விண்ணப்பம் 217ஐ எடுத்துப் பார்த்தார். தொழில்: மெத்தை தைத்தல். வசிப்பவர்: அக்கா, தங்கை, இருவர். இருப்பிடம்: கடையின் உள்ளறை. காரணம்: தங்கைக்கு நெஞ்சில் கோளாறு, பஞ்சு இல்லாத இடத்தில் படுக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதிய சீட்டு இணைத்துள்ளது.

ஞாயிற்றுக்கிழமை காலை கடையைத் தேடிப் போனார். மேலதிகாரியிடம் முதலில் சொல்வதுதான் முறை. ஆனால் சில்லு அவருடையதல்லவே. கடை என்பது ஒரு சந்தின் கடைசியில் ஒரே அறை, பின்னால் திரை போட்டு இன்னொரு அறை. உள்ளே நுழைந்ததும் ஒலி அடங்கிவிட்டது. சுவரோரம் ஆளுயரத்துக்கு மெத்தைகள். பஞ்சு காற்றில் இறங்காமல் நின்றது. அக்கா தரையில் உட்கார்ந்து, சாண் நீள ஊசியால் ஒரு மெத்தையின் நடுவைக் குத்தி இழுத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தலைமுடியில், புருவத்தில், எல்லாம் பஞ்சு. தங்கை திரைக்கு இந்தப் பக்கம் வாசலோரமாக ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"ஒத்தையா ரெட்டையா சார்?" என்றார் அக்கா நிமிராமல்.

"மெத்தைக்கு வரலம்மா. வீட்டு ஒதுக்கீட்டு ஆபீஸ்ல கிளார்க்."

ஊசி நின்றது. தங்கைதான் முதலில் பேசினாள். "அக்கா, மூஞ்சியைப் பாத்தா வீடு குடுக்க வந்த மாதிரி இல்ல. வீடு கேட்டு வந்த மாதிரி இருக்கு." சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

புள்ளி வில்லையைப் பையிலிருந்து எடுத்து மெத்தைமேல் வைத்தார். நடந்ததைத் தேதியோடு சொன்னார். ஒன்றையும் விடவில்லை, விட்டுப்போன இரண்டு ஆணிகள் உட்பட.

அக்கா வில்லையைத் தொடவில்லை. "ஏழு மாசமா தலையெழுத்துன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார் மெதுவாக. "இவ இருமற ஒவ்வொரு தடவையும், சரி, நம்ம தலையில எழுதினது இவ்வளவுதான்னு. இப்ப வந்து, அது தலையெழுத்து இல்ல, பீப்பாய்த் துணின்னு சொல்றீங்க."

"ஆமாம்மா."

"அதுக்குக் கிளார்க் யாரு?"

"நான்தான்."

"உங்களைத் திட்டலாமா சார்?"

"திட்டலாம்மா."

"வர மாட்டேங்குதே. வாசல்ல வந்து நிக்கற ஆளை எப்படித் திட்டறது?" ஊசியைத் துணியில் குத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். பஞ்சு இன்னும் அதிகமாக ஒட்டியது. "சரி. இப்ப என்ன செய்வீங்க? அந்த முப்பத்தாறு பேரையும் காலி பண்ணச் சொல்லுவீங்களா?"

"விதிப்படி, ஒரு வில்லை குறைஞ்சா குலுக்கல் செல்லாது."

"ஐயையோ, வேண்டாம். அதுல நாலு வீட்டுக்கு நான்தான் மெத்தை தெச்சுக் குடுத்தேன். புதுவீட்டுக்குப் புது மெத்தைன்னு கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. அவங்க தூக்கத்தைக் கெடுத்தா என் தொழிலுக்கே ஆகாது." கொஞ்சம் யோசித்தார். "எனக்கு இனாம் வேண்டாம் சார். எல்லாருக்கும் என்ன குடுத்தீங்களோ அதைக் குடுங்க. என்னையும் உள்ள போட்டுச் சுத்துங்க."

திங்கட்கிழமை மேலதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். "புள்ளி சார், சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுக்கறீங்களே! யாராவது கேட்டாங்களா? ஒரு வில்லை. அதை எடுத்து உள்ள போட்டுட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்."

"போட்டிருக்கலாம்."

"டிசம்பர்ல ரிட்டையர் ஆகப் போறீங்க. உங்க பணிப்பதிவேட்டுல தப்பு ஏதாவது இருந்தா குறிக்கற பத்தி எப்படி இருக்கு?"

"காலியா இருக்கு."

"முப்பத்தொரு வருஷம்! இந்த ஆபீஸ்ல வேற யாருக்காவது அப்படி இருக்கா?"

யாருக்கும் இல்லை. எல்லாருடைய பதிவேட்டையும் வைத்திருப்பவர் என்பதால் புள்ளிக்கு அது மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். சில மாலைகளில் தன் பதிவேட்டை எடுத்து அந்த வெறும் பத்தியைப் பார்ப்பதுண்டு. வேறு சிலர் பதக்கத்தைப் பார்ப்பார்கள்.

விளக்கக் கடிதத்தை டைப்பிஸ்ட் அம்மா அடித்தார். இரண்டாம் பத்தியில் அவர் விரல் நின்றது. "சார், 'என் கவனக்குறைவால்'னு வேண்டாமே. 'எதிர்பாராத விதமாக'ன்னு போடட்டுமா? அழகா இருக்கும்."

"எதிர்பார்த்திருக்கணும்மா. அதுதான் வேலை."

"உங்களோட பெரிய ரோதனை சார்" என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் சொன்னபடியே அடித்தார்.

ஜூன் 16ஆம் தேதி தலைமை அலுவலகம் கேட்டது: குடியேறியவர்களை வெளியேற்ற முடியாது, கொடுக்க வீடும் கிடையாது, பிறகு குலுக்கி என்ன பயன்? புள்ளி மறுநாளே பதில் எழுதினார். குடியிருப்பில் வீடுகள் முப்பத்தாறல்ல, முப்பத்தேழு. மாடிப்படிக்குப் பக்கத்தில் இருக்கும் கடைசி வீட்டில் பழைய பதிவேடுகள் அடைந்துகிடக்கின்றன. குடியிருப்பு கட்டி முடிந்ததும் அவற்றை வைக்க அந்த வீட்டைக் கேட்டு வாங்கியவரும் அவரே. பதிவேடுகளை அலுவலக நடைவழியில் அடுக்கிக்கொள்ளலாம். பழைய குலுக்கலில் ஒவ்வொருவருக்கும் இருந்தது நானூற்றுப் பன்னிரண்டில் முப்பத்தாறு வாய்ப்பு. அதையே 217க்கும் கொடுக்க வேண்டும். எல்லா வில்லைகளையும் போட்டு முப்பத்தாறு எடுப்போம். அதில் 217 வந்தால் அந்த வீடு அவருக்கு. வராவிட்டால் அவர் மற்றவர்களைப்போல் தோற்றவர். வேறு எந்த எண் வந்தாலும் கணக்கில் சேராது, ஏற்கெனவே குடியேறியவர்களையும் இது தொடாது.

தலைமை அலுவலகத்தில் யாரோ சலித்துப்போயிருக்க வேண்டும். முடிவைத் தாங்கள் உறுதிசெய்தால்தான் செல்லும் என்ற நிபந்தனையோடு, ஜூன் 30ஆம் தேதி அனுமதி வந்தது. மறுநாள் முதல் புள்ளி உதவியாளர் ஆனார். யாரும் அதைக் கவனிக்கவில்லை, அவர் உட்பட.

குலுக்கல் ஜூலை 7, திங்கள், பிற்பகல் மூன்று மணிக்கு. பச்சைத் துணியைப் புள்ளியே புதிதாக அடித்திருந்தார், விரல் அகலத்துக்கு ஒரு ஆணி. அக்காவும் தங்கையும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். முன்பு ஜெயித்த வீட்டுக்காரர்கள் ஐந்தாறு பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள், கொஞ்சம் பயத்தோடும். வில்லைகளை எண்ணி உள்ளே போடும்போது அக்காவும் உதடசைத்து எண்ணினார். கைப்பிடியை அவரே சுற்றினார். மெத்தையில் நூல் இழுத்த கை. பீப்பாய் தூரத்து மழைபோல் ஒலித்தது. வெயில் சாய்ந்து சுவரில் ஏறியிருந்தது. வில்லை எடுத்தது டைப்பிஸ்ட் அம்மா, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. ஒவ்வொரு எண்ணாகப் புள்ளி எழுதினார். பத்து, இருபது, இருபத்தைந்து. தங்கை இருமலை முந்தானையில் அடக்கிக்கொண்டாள். முப்பது ஆனபோது மேலதிகாரியே நகத்தைக் கடிக்கத் தொடங்கினார்.

முப்பத்தோராவது வில்லையைப் பார்த்துவிட்டு டைப்பிஸ்ட் அம்மா அதைப் புள்ளியிடம் நீட்டினார். புள்ளி எழுந்து வாங்கிப் பார்த்துப் படித்தார். "இருநூற்றுப் பதினேழு."

வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். தங்கை அழத் தொடங்கினாள். அக்கா மட்டும் கையை உயர்த்தினார். "இருங்க, இருங்க. இன்னும் அஞ்சு இருக்கு. அதையும் எடுங்க. அப்புறம் மிச்சத்தை எண்ணுங்க."

"அதான் வந்துடுச்சேம்மா!" என்றார் மேலதிகாரி.

"எனக்கு வந்துடுச்சு சார். வேற யாராவது துணிக்கடியில மாட்டியிருந்தா?"

மிச்ச ஐந்தையும் எடுத்தார்கள். பிறகு எல்லாருமாக மேசையைச் சுற்றி நின்று, அந்த மெல்லிய வெயிலில், தோற்ற வில்லைகளைப் பத்துப் பத்தாக அடுக்கினார்கள். முந்நூற்று எழுபத்தாறு. அதற்குப் பிறகுதான் அக்கா தங்கையைக் கட்டிக்கொண்டார். இருவர்மேலிருந்தும் பஞ்சு கிளம்பிக் கொஞ்ச நேரம் அறையில் மிதந்தது.

இனித் தலைமை அலுவலகம் உறுதிசெய்ய வேண்டும். புள்ளி தினமும் தபால்காரர் வரும் நேரத்தில் வாசல் பக்கம் ஏதாவது வேலை வைத்துக்கொண்டார். இடையிடையே முப்பத்தேழாம் வீட்டிலிருந்து பதிவேடுகளைக் கைவண்டியில் கொண்டுவந்து நடைவழியில் அடுக்கினார். உத்தரவுக்கு முன்னாலேயே காலி செய்வது முறையல்ல என்று மேலதிகாரி சொன்னபோது, "தூசி தட்டறேன் சார்" என்றார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே பொய் அது என்று டைப்பிஸ்ட் அம்மா பின்னால் எல்லாரிடமும் சொன்னார்.

கடிதத்தில் இரண்டே பத்திகள். முப்பத்தேழாம் எண் வீடு விண்ணப்பம் 217க்கு ஒதுக்கப்படுகிறது, சாவியை உடனே வழங்கவும். அப்போது கிளார்க்காக இருந்தவரின் கவனக்குறைவை அவருடைய பணிப்பதிவேட்டில் குறிக்கவும்.

புள்ளி முதலில் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு தன் பதிவேட்டைத் திறந்து, முப்பத்தொரு வருடம் வெறுமையாக இருந்த பத்தியில், தன் கையெழுத்திலேயே, சிவப்பு மையில் எழுதினார்: 'குலுக்கலுக்குப் பின் மிச்சத்தை எண்ணவில்லை.' காயும்வரை காத்திருந்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு மெத்தைக் கடைச் சந்தை நோக்கி நடந்தார். அதற்குமுன் செய்ய வேண்டியதையும் மறக்கவில்லை. தபால் வரவுப் பதிவேட்டில் அந்தக் கடிதம் வந்த நாள் நீல மையில் தெளிவாக இருக்கிறது: 31-7-1975, வியாழக்கிழமை.